இரண்டு டாக்டர் இருக்கும் வீடு

மாமனாருக்கு எழுந்து நின்றால் தலை சுற்றியது. ஆனால் அவருக்கென்ன கவலை? மகன் டாக்டர், மருமகளும் டாக்டர். "கொடுத்து வெச்சவர் சார் நீங்க!" என்று தெருவே பொறாமைப்பட்டது.

மருமகள் சும்மா விடவில்லை. காதைப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், தலையை ஸ்கேன் செய்தாள். எல்லாம் சுத்தம். கிளினிக்கில் யாராவது தலைசுற்றல் என்று வாயைத் திறந்தாலே, "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றுதான் முதலில் கேட்பாள். மாமனாரிடம் அதை எதற்குக் கேட்பது? பிரஷருக்கு எழுதிக் கொடுத்ததே அவள்தானே!

ஒருநாள் மனிதர் குளியலறையில் விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டார். கிளினிக்கில் வைத்து அவள் கை தையல் போட, வாய் பழக்கதோஷத்தில் அதே கேள்வியைக் கேட்டுவிட்டது.

"நீ குடுத்தது காலையில. அவன் குடுத்தது ராத்திரி."

"எவன்?"

"உன் புருஷன்தாம்மா. அவனும் பிரஷருக்குத்தான் குடுத்தான்."

"அடக் கடவுளே! ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா உன் முகம் சுண்டிப்போகும். அவன் காதுல விழுந்தா தாம்தூம்னு குதிப்பான். எனக்கெதுக்கு வம்பு? ரெண்டையும் முழுங்கிட்டேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வைத்தியம் பேசினால் சண்டை வருகிறது, வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். இப்போது போய்க் கேட்டால், 'எங்கப்பாவுக்கு நான் குடுக்கக் கூடாதா?' என்று ஆரம்பிப்பான். போகட்டும், நாமே விட்டுக்கொடுப்போம். "என் மாத்திரைய நிறுத்திடுங்க மாமா. அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். தன் பெருந்தன்மையை நினைத்து அவளுக்கே புல்லரித்தது.

தலைசுற்றல் போயே போய்விட்டது. மாமனார் ஜம்மென்று நடந்தார். நன்றாக இருக்கிறவருக்கு எதற்குப் பிரஷர் பார்ப்பது என்று அவளும் இருந்துவிட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், காபி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவியது. வாய் கோணியது. ஆஸ்பத்திரியில் பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

அவள் புருஷன்மேல் பாய்ந்தாள். "நீங்க குடுத்தது மாத்திரையா, சுண்ணாம்புக் கட்டியா?"

"நானா? தையலப் பார்த்துட்டு நானும் விசாரிச்சேன். நீ குடுக்கறதே இருக்கட்டும், என்னுதை நிறுத்துங்கன்னு அன்னிக்கே சொல்லிட்டேனே! உங்கிட்ட சொன்னா சண்டை வருமேன்னுதான்..."

அவள் கட்டிலருகே குனிந்தாள். "ஒண்ணுமே சாப்பிடலேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மாமா?"

கோணிய வாயிலிருந்து சொற்கள் குழறிக் குழறி வந்தன. "ரெண்டு டாக்டரும்... நிறுத்தச் சொன்னீங்க. குணமாயிடுச்சுன்னு... நெனச்சேன்."

அழுகை முட்டிக்கொண்டு வர, அவருடைய வலது கையை எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது அவருக்குத் தெரியவில்லை.