ஆறப்போட்ட கணக்கு

மருத்துவமனைச் சலவைக்கூடத்து நீராவியில் வெந்துகொண்டே கணினி உயிரியலில் முதுநிலை படிப்பவளை சூப்பர்வைசர் சும்மா விடுவாரா?

"டாக்டரம்மா, இந்தப் போர்வைக்கு என்ன மரபணுன்னு பார்த்துச் சொல்லும்மா."

"முதல்ல உங்க வாய்க்கு என்னன்னு பார்த்துக்கிட்டிருக்கேண்ணே."

அன்று அவளுக்குப் பேச்சும் சிரிப்பும் தாராளமாக வந்தன. பகுதிநேரம், இணையவழி என்று வருடக்கணக்கில் இழுத்த படிப்பின் கடைசி ஆய்வு வீட்டு மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான கிருமிகளின் மரபணுக்களை ஒன்றோடொன்று ஒப்பிடும் கணக்கு. மூன்று நாளாக ஓடுகிறது, மதியத்துக்குள் முடிந்துவிடும். மாலையோடு கெடு. ஏற்கெனவே ஒருமுறை அவகாசம் வாங்கியாயிற்று. இனித் தவறினால் பட்டம் கிடையாது.

வீட்டுக்கு வந்தால் திரை கறுத்துக் கிடந்தது.

"இதை யாருப்பா தொட்டது?"

"நான்தான் கண்ணு. அடுப்பு மாதிரி கொதிக்குது. மூச்சு விடாம ஓடினா என்னத்துக்கு ஆகும்? நிறுத்தி ஆறப்போட்டேன். இப்பத் தொட்டுப் பாரு."

கல் உடைக்கும் ஆலையில் மோட்டார் ஓட்டியே தேய்ந்த மனிதர். சூடேறின மோட்டாரை நிறுத்தாதவன் முழு மடையன் என்பது அவர் வேதம்.

"இது என்ன உங்க ஆலை மோட்டாரா? நடுவுல நின்னா முதல்லேருந்துப்பா! எல்லாம் போச்சு!"

அப்பா கணினி மூடியைத் தடவிப் பார்த்தார். "கெட்டுப்போயிட்டா வேற வாங்க நம்மால ஆகுமாம்மா? அதான்..."

அதுவும் உண்மைதான். அவள் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதினாள். விதியில் இடமில்லை, வருந்துகிறோம் என்று உடனே பதில் வந்தது. வாசித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அப்பா ஓர் அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்து கணினி அருகே சம்மணமிட்டார்.

"நீ மறுபடி ஓட்டு. நான் விசிறிக்கிட்டே இருக்கேன். சூடேறாது."

இன்னும் மூன்று நாள் ஆகும் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமலே கட்டளையைத் தட்டினாள். கணக்கு முதல் வரியிலிருந்து ஊர்ந்தது. கல்தூசி தின்ற நெஞ்சு இரும இரும, கை மாற்றி மாற்றி விசிறினார் அப்பா.

"போதும்ப்பா."

"நீ போய்ச் சாப்பிடும்மா. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

அவள் போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டாள். தட்டோடு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள்.