விளிம்புவரை ஊற்றிய தேநீர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. தாஷ்கண்ட் ஞாயிற்றுச் சந்தையில், பழைய சாமான் விற்கும் ஹம்ரோகுல் விரித்திருந்த கம்பளத்தின் முன்னால், ஒரு பழைய கேமராவுக்காக இரண்டாவது ஆளாக நின்றேன். முதல் ஆள் ஓய்தின். அவள் கீழே வைத்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவள் வைக்கவேயில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வசந்தத்தின் இளவெயில் தாஷ்கண்டின்மேல்...’ வேண்டாம். வெயிலா கேமரா வாங்க வந்தது?

ஓய்தின் விசேஷங்களுக்குப் படம் எடுப்பவள். அவளுடைய கேமரா வெள்ளிக்கிழமை மாடிப்படியில் உருண்டு செத்துப்போனது. திங்கள் நடுப்பகலில் பக்கத்து வீட்டு நஃபீசாவின் குழந்தைக்குத் தொட்டில் விசேஷம். பதினோரு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. படம் நான்தான் எடுப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அவளிடமுள்ள லென்ஸ்கள் பொருந்துகிற கேமரா சந்தையிலேயே இது ஒன்றுதான். (இதெல்லாம் அவள் ஹம்ரோகுலிடம் சொன்னது. நான் ஒட்டுக்கேட்டேன்.)

3

[பழைய கேமரா வாங்கும் முறைபற்றி இங்கே ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அவள் கையைப் பார்த்தாலே போதும்.]

பளபளப்பில் நான் மயங்கியிருந்தேன். அவள் அடியிலிருந்த திருகாணிகளைப் பார்த்தாள்; தலையில் கீறல் இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். கசிந்த வாடை இருக்கிறதா என்று பேட்டரி அறையை முகர்ந்தாள். வெறும் வானத்தைப் படமெடுத்துத் தூசுப் புள்ளி தேடினாள். பிறகு உச்ச வேகத்துக்குப் போனாள், பத்துப் பத்துப் படமாக.

ஹம்ரோகுலுக்குப் பொறுமை போயிற்று. அவளுக்குக் கொடுத்திருந்த கிண்ணத்தில் தேநீரை விளிம்புவரை ஊற்றினார்.*

“பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ நேரம் பாக்க மாட்டாங்க தங்கச்சி.”

“கட்டிக்கிட்டுக் காலந்தள்ளப் போறது நான்தானே அண்ணே.”

முழுக் கிண்ணத்தையும் நிதானமாகக் குடித்துவிட்டு, கேமராவை மறுபடி எடுத்தாள். நானாக இருந்தால் கூனிக்குறுகிப் போயிருப்பேன்.

(* எங்கள் ஊரில் கால் கிண்ணம் ஊற்றினால் ‘இருங்கள்’ என்று மரியாதை. நிறைய ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’.)

4

நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் பிடித்துவிட்டாள்: படத்தின் ஓரம் கறுப்பு. மறுபடியும் கறுப்பு. உள்ளிருக்கும் திரை முழுக்கத் திறக்கவில்லை.

முடிவு அ: கேமராவை வைத்துவிட்டு அவள் கண்கலங்கி... (இல்லை. அவள் அப்படிப்பட்டவள் அல்ல.)

முடிவு ஆ: மனமிளகிய ஹம்ரோகுல் தன் சொந்தக் கேமராவை... (நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும்தான்.)

நடந்தது இது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஐந்நூற்றில் லேசான நிழல். இருநூற்றைம்பதில் சுத்தம். அறுபதில் நூறு படம் எடுத்தாள், ஒன்றுகூடப் பிசகவில்லை.

“வேகமா ஓடச்சொன்னா இது நொண்டுது அண்ணே. தொட்டில்ல கெடக்குற புள்ள எங்க ஓடப்போகுது? எனக்கு அறுபது போதும். நொண்டிக்கு உண்டான வெலையச் சொல்லுங்க.”

ஹம்ரோகுல் கிண்ணத்தைக் கழுவி, கால்வாசி மட்டும் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

5

அந்த நோய் ஒரே நாளில் அறுபதுக்கும் இறங்கலாம். அவளுக்கும் தெரியும், தெரிந்தே வாங்கினாள். குறையே இல்லாததைத் தேடிக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற எனக்கு, அவளைக் கும்பிடத் தோன்றியது.

திங்கள், நடுப்பகல். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறார்கள். நஃபீசா நிமிர்கிறாள். ஓய்தின் அழுத்துகிறாள்.

என்னை யாரும் அழைக்கவில்லை, நான் போகவில்லை. படத்தை நீங்களே பாருங்கள். முகத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஓரத்தைப் பாருங்கள். அவள் அப்படித்தான் பார்ப்பாள்.