செங்கடலும் சரக்கு ரயிலும்

“ரயிலைப் பத்தின அந்த வரியை மட்டும் எடுத்துடுங்க, சிஸ்டர். மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

“மத்ததுன்னா, கேக்கைப் பத்தி எழுதினதா?”

“அதுவும் பொய்தான். அவ சுட்ட கேக் பாதி நாள் நடுவுல வேகாது.”

“செத்தவங்க கேக் எல்லாம் வெந்துதான் இருக்கும், பிரதர் ஹோசியா. இருபது வருஷமா எழுதுறேன், எனக்குத் தெரியாதா?”

வெர்டெல் மூன்று நாவல்கள் எழுதியவள். வெளியூர்களில் அவளுக்கு மாலை மரியாதை உண்டு. ஆனால் மிசிசிப்பியில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வாழும் எங்களுக்கு, அவள் எங்கள் சபையின் இரங்கல் குறிப்புகளை எழுதுகிறவள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த வறுத்த கோழித் தட்டுகளைத் தள்ளிவிட்டு, ஹோசியாவின் சமையலறை மேசையில் தாளை விரித்திருந்தாள். நாளை அவர் மனைவி ஓசெல்லாவின் அடக்கம்.

ஹோசியா அந்த வரியை மறுபடி படித்தார்: ‘அன்று மோசேக்குச் செங்கடல் வழிவிட்டது. கடந்த செவ்வாயன்று சரக்கு ரயில் வழிவிடவில்லை. ஆம்புலன்ஸ் அக்கரையில் நாற்பது நிமிடம் நின்றது.’

“இந்தப் பக்கத்துக்கு ஒரு பாலம் கட்டித் தராத டவுன் கவுன்சில்காரங்களும் வருவாங்க. பாதிப் பேர் பள்ளிக்கூடத்துல அவ கையால சாப்பிட்டவங்க. அவங்க முன்னாடி எதுக்கு வம்பு? நிம்மதியாப் போகட்டும்.”

“நிம்மதியாவா போனா?”

அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“சரி, புருஷன் நீங்க. சொன்னா அழிச்சிடறேன்.” வெர்டெல் ரப்பரை எடுத்தாள்.

அது தாளைத் தொடும் முன் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நாற்பது இல்ல.”

“என்ன?”

“நாற்பத்தேழு நிமிஷம். அவ கையைப் பிடிச்சுக்கிட்டு கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். ரயில் பெட்டிங்க இடுக்குல ஆம்புலன்ஸ் விளக்கு சுத்துறது வாசல்லேருந்து தெரிஞ்சுது, சிஸ்டர். நின்ன ரயிலு, நகரவே இல்ல.”

அவள் ‘நாற்பது’ என்பதை அழித்து, ‘நாற்பத்தேழு’ என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

எங்கள் சபையில் இரங்கல் குறிப்பை யாரும் சத்தமாக வாசிப்பதில்லை. பியானோ மெல்ல ஒலிக்க, அவரவர் கையிலிருக்கும் தாளை அவரவர் மனதுக்குள் படித்துக்கொள்வோம். படிக்க விரும்பாதவர்கள் அதிலுள்ள படங்களைப் பார்த்துவிட்டு அந்தத் தாளாலேயே விசிறிக்கொள்வார்கள்.

வெர்டெல் பென்சிலை வைத்துவிட்டு, அவர் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“நாளைக்குப் பியானோவைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்றேன், பிரதர். நீங்க எழுந்து நின்னு, இதை உங்க வாயால வாசிப்பீங்களா?”