தொட்டியில் கரைந்த வெல்லம்

திங்கட்கிழமை காலை வரவேற்பறைக்குள் நுழைந்தபோது மீன் தொட்டிக்குள் ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீர் அரிசி கழுவியதுபோல வெளுத்திருந்தது.

கிட்டப் போனேன். கோமாளி மீன்கள் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. மஞ்சள் மீன் ஒரு மூலையில் சாய்ந்து மிதந்தது. அதன் செவுள்கள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தன.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் கம்பெனி இது. எனக்கு ஆய்வகத்தில் வேலை. கடல்நீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வருவதை நிறுத்தியதும், கெமிஸ்ட்ரி படித்தவள் என்று அதை என்னிடம் விட்டார்கள். அப்போதே நீரில் நைட்ரேட் ஏறியிருந்தது. வருகிறவர்களெல்லாம் தீனி போட்டு, மிச்சம் அழுகி, பவளங்கள் பழுப்பேறிச் சுருங்கிக் கிடந்தன. தண்ணீர் மாற்றினால் குறையும். பிறகு மறுபடி ஏறும்.

அதனால் தினமும் காலையில் ஒரு சிட்டிகை சர்க்கரையைக் கரைத்து ஊற்றினேன். சர்க்கரையைத் தின்று பெருகும் பாக்டீரியா நைட்ரேட்டையும் எடுத்துக்கொள்ளும். தொட்டியின் அடியில் உள்ள நுரை தள்ளும் கருவி அந்தப் பாக்டீரியாவை வெளியேற்றிவிடும். இனிப்பு அளவு மீறினால் பாக்டீரியாவும் அளவு மீறும். தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் நான் போட்டது ஒரு சிட்டிகைதான்.

"திங்கக்கெழம வால்வு வாங்குற பார்ட்டி வர்றாங்க. அதுக்குள்ள தொட்டி பாக்குற மாதிரி இல்லன்னா காலி பண்ணிட்டு குரோட்டன்ஸ் வெச்சிடலாம்" என்று மேலாளர் ராஜமாணிக்கம் போன வாரம் சொல்லியிருந்தார். இந்த மீன்களை வாளியில் விட்டால் பிழைக்காது என்று அன்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

துப்புரவு வேலை செய்யும் ஈஸ்வரி அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுல யாராவது எதனா போட்டாங்களா?"

"எனக்கு இன்னா பாப்பா தெரியும்? கண்ணாடி தொடைக்கிறதோட சரி." அவர் நிமிரவில்லை.

வாசலில் நின்ற செக்யூரிட்டி மோசஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "சனிக்கெழம கடைசியா இங்கருந்து போனது நீதானே?" என்று அக்காவைக் கேட்டார்.

"போனா? மீனுக்கு வெசம் வெச்சேன்றியா? வெக்கிறதா இருந்தா உன் டீல வெப்பேன்யா."

நான் முழங்கை வரை கையை விட்டு மணலைத் துழாவினேன். பாறை இடுக்கில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். வெல்லம்.

"அக்கா, நீங்க போட்டிருந்தா சொல்லுங்க. திட்ட மாட்டேன். வேற எதனா சேத்து வுழுந்திருந்தா தண்ணி மொத்தமும் மாத்தணும். வெறும் வெல்லம்னா காத்து போதும். தெரியலன்னா மீனெல்லாம் செத்துப்போயிடும்."

அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்தார். "வெறும் வெல்லந்தான். நாலு உருண்ட. நீ தெனம் கண்ண மூடிக்கினு சக்கர கரைக்கிறியே, வேண்டுதல்னு நெனச்சிக்கினேன். எங்க திருவள்ளூர் கோயில் கொளத்துல மரு போவணும்னு வெல்லம் போடுவாங்க. வெல்லம் கரையுற மாதிரி மருவும் கரைஞ்சிடும். இங்க பாறை மேல பூவெல்லாம் சொறி புடிச்ச மாதிரி கெடந்துச்சி. மனசு கேக்கல."

கண்ணை மூடுவது அளவைக் கணக்குப் போட. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"காத்துதானே? மெஷின் ஷாப்லருந்து கம்ப்ரஸர் ஓஸ் இழுத்துக்கினு வரட்டா?" என்றார் மோசஸ் அண்ணன்.

"வேணாண்ணா, அந்தக் காத்துல ஆயில் வரும். கேண்டீன்ல ஜக்கு வாங்கிக்கினு வாங்க."

வந்த ஜக்குகளில் ஒன்றை அக்காவிடம் கொடுத்தேன். "டீ ஆத்துற மாதிரி மொண்டு மொண்டு ஊத்துங்க. நல்லா ஒசரத்துலருந்து. அப்பதான் காத்து கலக்கும்."

ஆற்றினோம். தரையெல்லாம் உப்புத் தண்ணீர். மஞ்சள் மீன் இன்னும் சாய்ந்தேதான் கிடந்தது.

ராஜமாணிக்கம் சார் உள்ளே வந்தார்.

"இன்னாம்மா இது, பால் பண்ணையா? மோசஸ், அடியில டேப்பத் தொற. எல்லாத்தையும் வெளிய வுடு."

மோசஸ் அண்ணன் குனிந்தார். நான் குழாய்க்கு முன்னால் போய் நின்றேன்.

"வேணாம் சார்."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"பார்ட்டி வர்றதுக்குள்ள தெளிஞ்சிடுமா?"

"தெளியாது சார். ஆனா மீன் பொழைக்கும்."

"யார் பண்ண வேல இது?"

ஈஸ்வரி அக்காவின் ஜக்கு அந்தரத்தில் நின்றது.

"இனிப்பு அளவு மிஞ்சிடுச்சி சார். அளவு என் பொறுப்பு."

"அவங்க கேட்டா நான் இன்னா சொல்றது?"

"நான் சொல்றேன் சார். இங்கயே நின்னு, எல்லாத்தையும் நானே சொல்றேன்."

"நீயா?" மீட்டிங்கில் பேசப் பயந்து என் அறிக்கையைப் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்துவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும். என் நனைந்த துப்பட்டாவைப் பார்த்தார். "சரி. வாயத் தொறக்காம நின்னின்னா, அப்பவே தொட்டி காலி."

அவர் போனதும் சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்தேன். மருந்துத் துளிகள் விட்டுக் குலுக்கினேன். வழக்கமாகச் சிவப்பாகும். இன்று வெளிர் மஞ்சளிலேயே நின்றது.

"இன்னா ஆச்சி?"

"நைட்ரேட் சுத்தமா கொறஞ்சிடுச்சிக்கா."

"அப்ப என் வெல்லம்…"

"அக்கா, ஆத்துங்க."

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கார் உள்ளே வந்தது. மூலையைப் பார்த்தேன். மஞ்சள் மீன் அங்கே இல்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வெள்ளைக்குள் தேடினேன். பாறையோரமாக, தண்ணீருக்கு நடுவில், சாயாமல் நேராக நின்றிருந்தது.

என் ஜக்கையும் அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தேன்.