புகை அளக்கும் மெசின்

பொலிஸ் நிலைய வாசலில் கிடந்த மரவாங்கில் பேர்ணடெற் விடிந்ததிலிருந்து குந்தியிருந்தாள். கொட்டாஞ்சேனைத் தேவாலயச் சுவாமியார் தந்த நற்சாட்சிக் கடிதத்தைச் சார்ஜன்ற் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்திருந்தார். உள்ளே அவள் புருசன் கிளெமென்ற்.

அவன் செய்த குற்றம், புகைபோக்கியில் ஏறியது. வத்தளைச் சாயத் தொழிற்சாலையில் கொதிகலன் பார்ப்பவன் அவன். பூமியைச் சூடாக்கும் வாயுவை ஆலை எவ்வளவு கக்குகிறது என்று மாதக் கடைசிக்குள் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். மாதம் முழுக்கத் தூங்கிய முகாமையாளர் சவுந்தரநாயகம் நேற்றுத்தான் முழித்துக்கொண்டார். வாடகை மெசினைக் கிளெமென்றின் கழுத்தில் மாட்டி ஏறச் சொன்னார்.

ஏறுவதற்கு அங்கே ஒரு வழக்கம் இருந்தது. உச்சியில் நின்றால் பக்கத்து ஆமி முகாம் முழுவதும் தெரியும். அதனால் ஏறுகிறவன் முதலில் காவலரணுக்குப் போய் முகத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டும். கிளெமென்றும் போகத்தான் புறப்பட்டான்.

"அதுக்கெல்லாம் நேரமில்லை. நான் கோல் பண்ணிச் சொல்லுறன். நீ ஏறு."

சவுந்தரநாயகம் கோல் பண்ணவில்லை. வயர் தொங்கும் மெசினோடு உச்சியில் நின்ற தமிழனை ஆமி இறக்கி, அடித்து, பொலிசில் ஒப்படைத்தது. கூட வேலை செய்கிறவர்கள் வந்து சொல்லித்தான் பேர்ணடெற்றுக்கு இவ்வளவும் தெரியும்.

மத்தியானம் கம்பனி வான் வந்து நின்றது. சவுந்தரநாயகம் இறங்கியதைக் கண்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வந்திட்டீங்களே சேர்! நீங்கதான் ஏறச் சொன்னீங்க எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. விட்டிடுவினம்."

"பொறும்மா, பொறு."

அவர் உள்ளே போனார். மஹத்தயா, மஹத்தயா என்று சார்ஜன்றிடம் அவர் குழைந்தது வாங்குவரை கேட்டது. சார்ஜன்ற் மெசினை எடுத்து மேசையில் வைத்து, ஆள் உங்கட ஆள்தானே என்று சிங்களத்தில் கேட்டார். மெசின் எங்கட, ஆளை நீங்க விசாரியுங்கோ என்று சவுந்தரநாயகமும் சிங்களத்தில் சொன்னார். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது விளங்காமலா போகும்?

அவர் மெசினோடு வெளியே வந்தபோது அவள் வான் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சேர், அவர் இன்னும் உள்ளுக்கை இருக்கிறார்."

"இண்டைக்குத்தான் கடைசி நாளம்மா. கந்தோர் பூட்டமுன்னம் போய் அறிக்கையைக் குடுக்கவேணும். நாளைக்குப் பாப்பம்."

அவர் மெசினைத் தட்டிப் பார்த்தார். கிளெமென்ற் எடுத்த கணக்கு அப்படியே இருந்தது.

"நல்லகாலம், அழியேல்லை," என்றார் டிறைவரிடம்.

செங்கல்லில் உரசாமலிருக்கக் கிளெமென்ற் தன் துவாய்த் துண்டை மெசினின் அடிப்பக்கத்தில் சுற்றியிருந்தான். சவுந்தரநாயகம் அதை அவிழ்த்து அவளிடம் நீட்டிவிட்டு, மெசினைப் பக்கத்து இருக்கையில் பத்திரமாக வைத்தார். துவாயில் கரியோடு இரத்தமும் காய்ந்திருந்தது. வான் கோர்ன் அடித்துக்கொண்டே அவசரமாகப் போனது.