வரிசையில் நின்ற விண்ணப்பம்

வீட்டுக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைத்த நாளிலிருந்து அத்தானின் கால் தரையில் படவில்லை. செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதிலிருந்து மோடத்துக்கு ஒரு வயர். அவ்வளவுதான் சாம்ராஜ்யம். கூடத்திலிருந்து சமையலறையிலிருந்த அக்காவுக்கு ஒரு மெயில் அனுப்பினார். போய்ச் சேர்ந்தது. வெளியே ஒன்று அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெரிய மூளைக்குத் தோன்றவில்லை.

"இனிமே எல்லாரும் இதுலதான் அனுப்பணும். கண்டவனும் நம்ம விஷயத்தப் படிக்க வேணாம்."

அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த தங்கை எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் நன்றி கெட்டவள் என்பார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலைக்கான விண்ணப்பத்தைச் செவ்வாய்க்கிழமை அதிலேயே அனுப்பினாள். அந்த வேலை கிடைத்தால் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விடலாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். "உங்க பேர்ல எதுவும் வரலையேம்மா" என்றார்கள்.

நேராகப் போய் அந்தப் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தாள். வெளியே போகாத மெயில்கள் வரிசைகட்டி நின்றன. வீட்டு இன்டர்நெட் இணைப்பிலிருந்து நேரடியாக மெயில் போவதை இன்டர்நெட் கம்பெனி தடுத்து வைத்திருந்தது. முதலில் நின்றது அவளுடைய விண்ணப்பம்.

"அத்தான், இது போகலன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கிழமை பார்த்தேன். சரி பண்ணிடலாம்னு..."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்தே போய்க் கொடுத்திருப்பேனே!"

"பெரிய ராஜாங்கமே கைவிட்டுப் போன மாதிரி குதிக்கிற?"

"விடுடி, நல்லதுக்குத்தான பண்ணாரு" என்றாள் அக்கா, வழக்கம்போல் புருஷன் பக்கம் சாய்ந்து.

தங்கை திரையை அக்கா பக்கம் திருப்பினாள். "வந்து பாருக்கா. என்னுது ஒண்ணு, உன்னுது மூணு. அத்தானோடது ஒண்ணுகூட இல்ல."

அக்கா கைத் துணியோடு வந்து பார்த்தாள். பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"வியாழக்கிழமை ஆபீசுக்கு லீவு லெட்டர் அனுப்பினீங்களே, அது மட்டும் எப்படிப் போச்சு?"

அத்தான் மோடத்தின் விளக்குகளைப் பார்த்தார். "அவசரமா இருந்துச்சு. என் பழைய அக்கவுன்ட்லேர்ந்து அனுப்பிட்டேன்."

"அப்போ நாங்கதான் இளிச்சவாய்ங்க."

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும். சட்டையப் போடுங்க" என்றாள் அக்கா. அப்படி ஒரு குரலை அவர் அதுவரை கேட்டதில்லை. "ஆஸ்பத்திரிக்கு வந்து, இந்தப் பொண்ணு கடுதாசிய நிறுத்தி வச்சது நான்தான்னு எல்லார் முன்னாடியும் உங்க வாயால சொல்லுங்க. அவங்க வேலை தந்தாலும் சரி, தராட்டியும் சரி."