சீமெந்து மேட்டில், மனிதர் ஓடையில்

பசறைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் பள்ளத்தில், அரசாங்கம் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டிய பத்துப் புது வீடுகள் பளபளத்தன. ரிப்பன் கட்டியாயிற்று. பொறியியலாளர் இந்திரஜித் சாவிக்கொத்தோடு நின்றார், சொர்க்கத்தின் கதவே தன் இடுப்பில் தொங்குவது போல.

பட்டியலில் முதல் பெயர் ஜொனி. பதுளையில் ஆட்டோ ஓட்டுபவன். தோட்டத்து வரிசை வீட்டில் அவனுடைய ஒற்றை அறை, அந்த லயக் காம்பராவின் கூரைத் தகரத்தைப் போன மாதக் காற்று பிடுங்கிப் போயிருந்தது. கைக்குழந்தை பொலித்தீனுக்குக் கீழேதான் தூங்கியது. ஜொனி ஆவலோடு சாவிக்குக் கை நீட்டினான்.

"வாங்காதீங்க!"

அவன் மனைவி ஷிரோமி. தோட்டப் பள்ளியில் புவியியல் டீச்சர். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், அத்திவாரத்துக்குக் கல்லு எங்க வாங்குனீங்க?"

"வாங்குறதா? இங்கேயே குவிஞ்சு கெடந்திச்சு. எல்லாம் உருண்டையா, முட்டை மாதிரி. லொறியே தேவைப்படல," என்றார் பெருமையாக.

"அந்த முட்டைய எந்தக் கோழி போட்டுச்சு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்திரஜித் சிரிக்கவில்லை.

"வெள்ளம் உருட்டுன கல்லுங்க சார் அது. நீங்க வீடு கட்டியிருக்கிறது ஓடைக்குள்ள."

"நாப்பது வருஷமா இங்க சொட்டுத் தண்ணி ஓடலம்மா. தோட்டத்துப் பெருசுங்க எல்லாரையும் கேட்டாச்சு."

"கடலக் கேட்டீங்களா?"

"பதுளையில கடலா! டீச்சரம்மாவுக்குப் பித்தம் ஏறிப்போச்சு."

"ஏறட்டும். ஆப்பிரிக்கா பக்கம் கடல் சூடாகி, சுமாத்திரா பக்கம் குளுந்தா, நம்ம ஐப்பசி மழை பேயாக் கொட்டும். வருஷா வருஷம் இல்ல. சில சமயம் ஒரு தலைமுறைகூட அடங்கிக் கெடக்கும். அப்புறம் அடுத்தடுத்து வரும். நீங்க விசாரிச்சது அது தூங்குன காலத்த. இந்த வருஷம் முழிச்சிருக்கு."

"நாளைக்குக் காலநிலை அமைச்சர் ஆயிருவீங்க போல," என்றார் இந்திரஜித். "ஜொனி, இப்ப வாங்கலைன்னா சாவி அடுத்த ஆளுக்கு."

ஜொனி மறுபடியும் சாவிப் பக்கம் கையை நீட்டினான். "புள்ள, பாப்பா தெனம் ராவுல நனையிது. பாடத்த அப்புறம் எடு."

ஷிரோமி நிமிர்ந்தாள். அவள் பார்வை மேலே ஏறியது. உயரமான திட்டில், தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை.

"அது என்னங்க சார்?"

"சீமெந்து ஸ்டோர்."

"அத ஏன் மேட்டுல போட்டீங்க?"

இதுகூடத் தெரியாதா என்று இந்திரஜித் உதட்டைப் பிதுக்கினார். "கீழ போட்டா, தண்ணி வந்தா சீமெந்து கெட்டுப்போயிராதா?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ஜொனி நீட்டிய கையை மடக்கினான். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினான். ஷிரோமி பின்னால். அப்புறம் மற்ற ஒன்பது குடும்பங்களும்.

"அது அரசாங்கக் களஞ்சியம்! பொலிஸக் கூப்பிடுவேன்!"

கூப்பிட நேரம் இருக்கவில்லை. மலை உச்சி கறுத்தது. தகரத்தில் முதல் துளிகள் கற்களாய் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஓர் உறுமல். செம்மண் தண்ணீர் உருண்டைக் கற்களை உருட்டிக்கொண்டு வந்து, முதல் வீட்டின் கதவைத் தட்டாமலே திறந்தது. ரிப்பன் அறுந்து மிதந்தது.

சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி, முழங்கால்வரை சேறோடு, இந்திரஜித் கொட்டகை வாசலில் மூச்சிரைத்தார். உள்ளே மூட்டைகள் மேல் ஜொனியின் குழந்தை நனையாமல் தூங்கியது.

ஷிரோமி சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"ஓரமா நில்லுங்க சார். சீமெந்து நனைஞ்சிரும்."